பெட்டி மில்லர் ஆவணப்படத்துக்கு உங்கள் பங்கு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

காது கேளாத அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமான பெட்டி ஜி. மில்லரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம். காது கேளாத ஒருவரே இந்திய சைகை மொழியில் கதையைச் சொல்வார். கீழே தமிழ் எழுத்து ஓடும்.

பெட்டி 1934-இல் சிகாகோவில் பிறந்தவர். அம்மா, அப்பா இருவருக்குமே காது கேளாது. வீட்டில் சைகை மொழி. பள்ளியிலோ வாயால் பேசத்தான் பயிற்சி. சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கச் சொன்ன 1880 மிலான் மாநாட்டின் பாதிப்பு அந்தத் தலைமுறையையும் விடவில்லை.

பின்னாளில் வாஷிங்டனில் உள்ள, காது கேளாதோருக்கான உயர்கல்வி நிறுவனமான கேலடெட்டில் படித்து, அங்கேயே ஓவியம் கற்பித்தார். 1972-இல் அங்கு அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டு அவர் வரைந்த ஒரு படத்தில் இரண்டு கைகள்: மணிக்கட்டில் விலங்கு, விரல்கள் துண்டு துண்டாக. கையால் பேசாதே என்று குழந்தையைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிட நேராகக் காட்டிய படத்தை நாங்கள் பார்த்ததில்லை. 1976-இல் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார். குடிப்பழக்கத்திலிருந்து மீள முயலும் காது கேளாதோருக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

1989 மே மாதம் அவரும் கலைஞர் பால் ஜான்ஸ்டனும் முன்னின்று நடத்திய பட்டறையில் ஒன்பது கலைஞர்கள் கூடி 'டெவியா' (De'VIA: Deaf View/Image Art) அறிக்கையை எழுதினார்கள். காது கேளாதோரின் அனுபவத்தைச் சொல்லும் கலைக்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது. 2012-இல் பெட்டி காலமானார்.

சரி, பணம் எதற்கு? பின்னணிக் குரல் வைத்து, சைகையை ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் போட்டால் செலவு குறையும். அப்படிச் செய்ய எங்களுக்கு மனமில்லை. கண்ணால் கதை கேட்பவர் ஓவியத்தையும் கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. முதலில் ஓவியம், பிறகு திரை முழுக்கச் சைகை, மறுபடி ஓவியம் என்று போகவேண்டும். அதனால் படப்பிடிப்பும் தொகுப்பும் நீள்கின்றன. கதைசொல்லிக்கும் தொகுப்பில் உடனிருக்கும் காது கேளாத ஆலோசகருக்கும் முறையான ஊதியம் கொடுப்போம். அவர்கள் உழைப்பை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. அப்புறம், ஓவியங்களைக் காட்ட உரிமைக் கட்டணமும் உண்டு.

உங்களால் முடிந்த தொகையைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் தர இயலாதவர்கள் தமிழ் எழுத்துகளைச் சரிபார்க்க வரலாம். அந்த வேலைக்கும் ஆள் தேவை.

அன்புடன்,
ஆவணப்படக் குழுவினர்