மூடித் திறந்தால் வைஃபை மாயம்: மடிக்கணினி குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா/அம்மா,

வணக்கம். லினக்ஸை நீங்களே நிறுவி விற்ற மடிக்கணினி இது. மூடி வைத்துத் திறந்தால் வைஃபை கார்டைக் காணோம். ‘டி3கோல்டிலிருந்து டி0-க்கு மாற்ற முடியவில்லை, சாதனத்தை அணுக முடியவில்லை’ என்று லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில் வருகிறது. அதாவது, மின்சாரம் நின்ற நிலையிலிருந்து இயங்கும் நிலைக்குக் கார்டு திரும்பவில்லை. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் கார்டுக்கு நேரே ‘ரெவ் எஃப்எஃப்’, அதாவது கார்டிடமிருந்து பதிலே இல்லை. இதற்குமேல் உங்களுக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

சேவை மையத்தில் நேற்று ஒருவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார், திரும்பப் போட்டார். “வைஃபை வருதே சார், என்ன பிரச்சினை?” என்றார். அணைத்துப் போட்டால் வரத்தான் செய்யும்! மூடி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். “அதுக்கெல்லாம் நேரமில்ல. லினக்ஸ்னா அப்படித்தான், விண்டோஸ் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் படியிறங்குவதற்குள் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. என்ன மரியாதை இது?

கெர்னல் மேல் பழி போடாதீர்கள். எந்தச் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்று அது சரியாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. டி3ஹாட் என்ற தூக்க நிலையில் கார்டுக்கு மின்சாரம் இருக்கும், டி3கோல்டில் அடியோடு நின்றுவிடும். நின்றதைத் திரும்பக் கொடுக்க வேண்டியது உங்கள் பயாஸில் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) இருக்கும், மின்சாரத்தைக் கையாளும் ஏசிபிஐ நிரல். அது கொடுப்பதில்லை. ‘டி3கோல்டு_அலவ்டு’ கோப்பில் 0 போட்டு டி3கோல்டையே தடுத்தால் கார்டு ஒழுங்காக எழுகிறது, ஆனால் விடிவதற்குள் பேட்டரி காலி. நினைவகம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிடும் பழைய எஸ்3 தூக்கத்தையும் எடுத்துவிட்டு, எஸ்2ஐடில் என்ற லேசான தூக்கத்தை மட்டும் வைத்திருக்கிறீர்கள். இதற்கு முன்பு மதர்போர்டை மாற்றித் தந்தீர்களே, அதிலும் இதே பயாஸ்தானே இருந்தது! கார்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

வாடிக்கையாளர் வீடியோ அழைப்பில் காத்திருக்க, நான் கணினியை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் தொழிலே நாசமாகிவிட்டது.

தயவுசெய்து இதை பயாஸ் எழுதும் குழுவிடம் சேர்த்துவிடுங்கள். பழுது நீங்கிய பயாஸைத் தாருங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவேன். அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கெர்னல் பதிவை இணைத்துள்ளேன். படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்னை அழைக்கட்டும். அந்த ஊழியரிடம் மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்