சமுதாயக் கூடத்துக்கு யார் யார் வருவார்கள்?

அன்பு நண்பா,

கடிதமும் கூடத்தின் வரைபடமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு நெருங்குவதால் வீட்டில் டி.வி.க்கு விடுமுறை. நீ ஊருக்கே திரும்பிவிட்டது நல்லதாய்ப் போயிற்று. கூடத்துக் கமிட்டியில் உன்னைச் சேர்த்தது அதைவிட நல்லது.

இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். பழுதுபார்க்கும்போதே மாற்றுத்திறனாளிகளுக்காக என்னென்ன கட்டவேண்டும் என்பது ஒன்று. அக்டோபர் 2 கிராம சபைக்கு அவர்களை எப்படி வரவைப்பது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கட்சி. சரிவுப்பாதை போட்டும் ஆள் வராத கூடங்கள் ஏராளம். வீட்டு வாசலில் தொடங்கி, கூட்டத்தில் கையெழுத்துப் போடும் நோட்டு வரை எங்காவது ஓரிடத்தில் வழி அறுந்தால் போதும், அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். நாமும் “கூப்பிட்டோம், வரவில்லை” என்று சொல்லிக்கொள்வோம்.

அதனால் சிமெண்ட் மூட்டை இறங்கும் முன் ஊரை ஒரு சுற்று சுற்றி வா. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அடையாள அட்டைப் பட்டியலை மட்டும் நம்பாதே, அட்டை வாங்காதவர்கள் பலர் உண்டு. அங்கன்வாடி அம்மாவுக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலருக்கும் எந்த வீட்டில் யார் வெளியே வராமல் இருக்கிறார்கள் என்பது தெரியும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நம் கண்ணுக்கு உடனே தெரிவது சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும்தான். காது கேளாதவர், மனநலம் பாதித்தவர், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள், தொழுநோய் குணமானவர் எல்லாம் அதே பட்டியலில்தான் வருகிறார்கள். போகிற வீட்டில் மூன்றே கேள்வி கேள்: எப்படி வருவீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடியும், வந்தால் என்ன வேண்டும்? அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்காமல் அவரிடமே கேள். மூன்றாவதற்குப் பெண்களிடமிருந்து “கக்கூஸ்” என்ற பதில் வந்தால் ஆச்சரியப்படாதே. அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி சரிவுப்பாதை. வரைபடத்தில் தரைமட்டத்திலிருந்து கூடத்தின் தளம் 60 செ.மீ. உயரம் என்று போட்டிருக்கிறது, அதாவது நாலு படி. சக்கர நாற்காலிக்கு வேண்டிய 1:12 சரிவு என்றால் ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். ஆக 7.2 மீட்டர் வேண்டும். உங்கள் கொத்தனார் வரைபடத்தில் விட்டிருப்பது 3 மீட்டர். அது பைக் ஏற்றுகிற சரிவு, மனிதர் ஏறுவதற்கல்ல. அதில் யாரும் தன் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏற முடியாது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் அடியில் கால்தாங்கி தரையில் இடிக்கும், இறங்கும்போது ஆள் முன்னால் சரிவார்.

இடம் போதாது என்று சொல்வார்கள். முன்சுவரை ஒட்டி ‘ப’ வடிவில் மடித்துவிடு. 3.6 மீட்டர் ஏறி, 1.5 மீட்டர் சமதளத்தில் திரும்பி, இன்னொரு 3.6 மீட்டர் ஏறினால் வாசல். வாசலுக்கு முன்னாலும் 1.5 மீட்டர் சமதளம் கட்டாயம். மொத்தம் 6.6 மீட்டர் நீளம், சுமார் 2.6 மீட்டர் அகலம்; உங்கள் இடது பக்கத்தில் அந்த இடம் இருக்கிறது. பாதையின் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த மேல் சமதளத்தைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சரிவிலேயே நாற்காலியை நிறுத்திக்கொண்டு, ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாசலில் நிலைப்படி துருத்திக்கொண்டிருந்தால் செதுக்கி எடுக்கச் சொல். இரண்டு செ.மீ. மேடு முன்சக்கரத்தைத் தடுத்துவிடும்.

கான்கிரீட் போட்ட அன்றே சரிவைச் சரிபார்த்துவிடலாம். 120 செ.மீ. நீள மட்டப்பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல் வை. மேலே ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமமாகப் பிடி. மறுமுனைக்கும் சரிவுக்கும் உள்ள இடைவெளி 10 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதே. தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசி ஒரு மீட்டரில் செங்குத்தாய் முடிப்பது கொத்தனார்களின் வழக்கம், மிச்ச உயரத்தை எல்லாம் அங்கேதான் கொட்டுவார்கள். கான்கிரீட் இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கோடு இழுக்கச் சொல். யாராவது டைல்ஸ் நன்கொடை தருகிறேன் என்று வந்தால் அதைச் சுவருக்கு ஒட்டிக்கொள்ளுங்கள். சரிவின் ஓரங்களில் 10 செ.மீ. உயரத் திட்டு, சக்கரம் நழுவாமல் இருக்க. இரு பக்கமும் கைப்பிடி: 90 செ.மீ. உயரத்தில் ஒன்று, 75-இல் ஒன்று. குழாய் கைக்குள் அடங்கும் 4 செ.மீ. பருமனில், சரிவு முடிந்த பிறகும் 30 செ.மீ. நீண்டு, முனை வளைந்து இருக்கவேண்டும்.

படிகளை எடுத்துவிடாதே. காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக்கூடு) போட்டவர்களில் சிலருக்குச் சரிவைவிடப் படிதான் எளிது என்பது பலருக்குத் தெரியாது. படிக்கும் கைப்பிடி வை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடி. பார்வை மங்கியவர்களுக்கு அது பெரிய உதவி.

கட்டிய பிறகுதான் உண்மையான தொல்லை. சரிவின் அடியில் பைக் நிற்கும். பந்தல்காரர் அதன் நடுவிலேயே கால் நடுவார். சமையல்காரர் அண்டாவை இறக்கி வைப்பார். ஒரு நாள் யாரோ கேட் போட்டுப் பூட்டுவார்கள். கூடத்தை வாடகைக்கு விடும் ரசீதிலேயே “சரிவுப்பாதையையும் கழிப்பறையையும் மறிக்கக்கூடாது” என்று அச்சடித்து, முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்றும் சேர்த்துவிடு. மெரினாவில் கடல் வரை மரப்பாதை போட்டது 2022 நவம்பரில். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி பெயர்ந்து, பிறகு சரிசெய்தார்கள். பராமரிப்புக்கு ஆளும் பணமும் முதல் நாளே எழுதிவைக்காத எதுவும் நிற்காது.

கழிப்பறைக்கு வருகிறேன். உள்ளளவு 2.2 மீட்டருக்கு 2 மீட்டர் வை. நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். கதவு 90 செ.மீ. அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே திறந்தால், ஒருவர் விழுந்து கிடக்கும்போது அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கோப்பையின் உயரம் 45 முதல் 48 செ.மீ., அதாவது நாற்காலி இருக்கையின் உயரம். அப்போதுதான் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியும். சுவர்ப்பக்கம் நிலையான கைப்பிடி, மறுபக்கம் மடக்கித் தூக்கிவிடும் கைப்பிடி. இந்தக் கைப்பிடியில்தான் பெரிய ஏமாற்று. ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் அடைப்பு வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடுவார்கள், பார்க்கப் பளபளவென்றிருக்கும். ஆள் முழு எடையையும் போட்டதும் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் சுவரைக் கெட்டியாகக் கட்டி ஆங்கர் போல்ட் போடவேண்டும். வேலை முடிந்ததும் நீயே பிடித்துத் தொங்கிப் பார், உன் எடைக்குத் தாங்கினால் ஊருக்கே தாங்கும். தண்ணீர்க் குழாயும் குவளையும் உட்கார்ந்தபடி எட்டவேண்டும். தரையைத் துடைத்துக் காயவைக்கவேண்டும், ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்கும். பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைந்த நாற்காலிகளும் அடைக்கும் இடமாக அது மாறாமல் பார்த்துக்கொள். சாவி ஒருவர் இடுப்பில் தொங்கினால் கழிப்பறை இருந்தும் இல்லாததுதான்.

கூட்ட நாள். அறிவிப்பைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாதே. நோட்டீஸைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்வையற்றவரின் போன் அதைப் படிக்காது. யுனிகோடில் தட்டச்சு செய்த வெறும் எழுத்தாக அனுப்பு. பழைய வானவில் எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளாக உளறும். இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றும் சேர்த்து அனுப்பிவிடு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகும்.

இருக்கையில் ஒரு கவனம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று முன்வரிசையில் தனி ஓரம் ஒதுக்காதே. ஒவ்வொரு வரிசையிலும் 90 செ.மீ.க்கு 1.2 மீட்டர் காலியிடம் விட்டால், சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் வீட்டாரோடும் தெருக்காரர்களோடும் உட்காருவார். நாற்காலிகளில் சிலவாவது கைவைத்ததாக இருக்கட்டும், ஊன்றி எழ அது தேவை. ஊன்றுகோலின் அடி ரப்பர் நாலைந்தும் ஒரு காற்றடிக்கும் பம்பும் கூடத்து அலமாரியில் கிடக்கட்டும். தேய்ந்த ரப்பரோடு வருகிறவர்கள்தான் அதிகம். யாரையும் கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளவோ தூக்கவோ கூடாதென்று இளைஞர்களிடம் சொல்லிவை. தூக்க நேர்ந்தால் கைதாங்கியைப் பிடிக்கக்கூடாது, பல நாற்காலிகளில் அது கழன்றுவரும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்தால் இரண்டு பேராகச் சொல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒரே ஆள் இரண்டு மணி நேரம் செய்தால் போகப்போகத் தவறும். பேசுகிறவர் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கவேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் கை நிழலாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் ஊரில் பள்ளிக்கே போகாத செவிடர் இருந்தால் இந்திய சைகை மொழி அவருக்குத் தெரியாமலிருக்கலாம், வீட்டுச் சைகைதான் தெரியும். அவருக்கு அக்காவோ தம்பியோ பக்கத்தில் இருக்கவேண்டும், கூட்டத்தில் பேசும் விஷயம் ஒவ்வொன்றையும் சார்ட்டில் படமாக வரைந்து காட்டவேண்டும். கொஞ்சம் காது கேட்பவர்களுக்கு ஒரே மருந்து, எல்லோரும் மைக்கில் பேசுவது, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமலிருப்பது. இந்த இரண்டாவதை நம்மூர் கிராம சபையில் சாதித்துவிட்டாயானால் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது.

பார்வையற்றவர் இருக்கும் கூட்டத்தில் பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும். கை தூக்கி முடிவெடுத்தால் எத்தனை கை என்பதை வாய்விட்டு அறிவிக்கவேண்டும். வருகை நோட்டில் அவர் விரலை இழுத்து மையில் தோய்க்காதே. கையெழுத்துப் போடத் தெரிந்தவரை எதற்குக் கைநாட்டு வைக்கச் சொல்வது? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 8 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு சன்னல் வெட்டு. அதை உரிய வரிமேல் வைத்து அவர் விரலை விளிம்பில் தொடவிட்டால், அவரே கோட்டுக்குள் போட்டுவிடுவார்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், பதிலுக்குக் காத்திருப்பது. ஸ்பீக்கர் இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்குப் பின்பக்கம் ஓர் அமைதியான அறை. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர் காலையில் மந்தமாக இருப்பார்கள், வாய் உலரும்; தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், நடுவில் எழுந்து போனால் முறைக்காதீர்கள்.

கோயில் கொடைக்கும் இதே கூட்டம்தானே வரும். அங்கே செருப்புச் சண்டை வரும். காலிப்பரின் பூட்ஸ் கம்பியோடு சேர்ந்தது. அதைக் கழற்றினால் அவரால் நிற்கவே முடியாது. சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே விடலாம். பூசாரியிடம் திருவிழாவுக்கு முன்பே பேசி வை, வாசலில் வைத்துப் பேசாதே.

சட்டம் பற்றிக் கேட்டாய். 2016 சட்டப்படி ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டில் மாற்றியிருக்கவேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022-இலேயே முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கமிட்டியில் யாராவது “இதெல்லாம் அடுத்த நிதியில்” என்றால் இதை எடுத்துப் போடு.

2025 ஏப்ரலில் சட்டப்பேரவை செய்த திருத்தத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வருகிறார்கள். உங்கள் ஊராட்சியில் வருகிறவரிடம் உதவித்தொகை, அட்டை விஷயம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் அவரைக் கேளுங்கள். காகிதங்கள் ஒரு வாரம் முன்பே கைக்குப் போகட்டும். யாருக்காவது சக்கர நாற்காலி கொடுப்பதைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பதைத் தயவுசெய்து கிராம சபையில் வைக்காதே. பொருளைக் கொடுப்பதென்றால் வீட்டில் போய்க் கொடுத்து, சீட்டின் அகலம் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வா.

கொத்தனார் சரிவுக்கு அடித்தளம் தோண்டும் முன், தரைமட்டத்திலிருந்து தளம் வரை நீயே டேப் பிடித்து அளந்து அனுப்பு. வரைபடத்தில் உள்ள 60-ஐ அப்படியே நம்ப வேண்டாம், சாலை போட்ட பிறகு மண் கொட்டியிருக்கலாம். அந்த எண் வந்ததும் கழிப்பறைப் படத்தையும் சேர்த்துத் திருத்தி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்