தாயகம் திரும்பியோர் வரலாறு சிறுவர்களுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதியில் நீதிக்கதைகளுக்குக் குறைவில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி இங்கே எப்படி வந்தார்கள் என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களைக் கலந்துகொள்ளாமலே, அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவு செய்தது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களில் பலர், மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். பாட்டியின் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அந்தப் பிள்ளைதானே! வரைபடம், புகைப்படம், முதியோரின் வாய்மொழி எல்லாம் சேர்ந்த நூல்களைப் பள்ளிக் கல்வித் துறையும் பதிப்பகங்களும் உடனே கொண்டுவர வேண்டும்.

– ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி