போனை எடுக்காத அந்த மூன்று மணி நேரம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஈரோடு வந்து ஒன்பது நாள் ஆகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய ஆலிவ் எண்ணெயில் தோசை வார்த்தேன். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏன், நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அந்த எண்ணெயின் மரியாதை.

ஸ்பெயினில் உன்னோடு இருந்தபோது, ஜிரோனாவில் நான் போனை எடுக்காததற்கு நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பதினோரு மிஸ்டு கால். பாஷை தெரியாத ஊரில் அம்மா தொலைந்துபோனாள் என்று நீ போலீஸ் வரைக்கும் யோசித்திருக்கிறாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது போனில் சொன்னாலும் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்பாய். அதனால்தான் கடிதம்.

காலையில் பார்சிலோனாவின் சான்ட்ஸ் நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டாய். நாற்பது நிமிஷத்தில் ஜிரோனா. துண்டுச் சீட்டில் நாலு இடம் எழுதிக் கொடுத்திருந்தாய்: யூதர் வரலாற்று மியூசியம், நகர வரலாற்று மியூசியம், சினிமா மியூசியம், கடைசியில் கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தின் கருவூலம். எல்லாம் முடித்து மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். பரீட்சைக்கு டைம்டேபிள் போட்ட மாதிரி.

முதல் இரண்டையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பழைய யூதர் தெருவை அங்கே 'கால்' என்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அப்படி ஒரு சந்து. மியூசியத்துக்குள் எபிரேய எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு வெளியே குன்றில் இருந்த இடுகாட்டிலிருந்து வந்தவை. 1492இல் மதம் மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்று அரசாணை. போனவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், கல்லறையை எப்படி எடுத்துப் போவது? இந்த ஊரில் பிறந்த மோசே பென் நாக்மன் என்ற பெரிய அறிஞர் அதற்கும் முன்பே, 1263இல், பார்சிலோனாவில் அரசர் முன்னிலையில் தன் மதத்துக்காக வாதாடியவர். அவரும் கடைசியில் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

நகர மியூசியம் முன்பு கப்புச்சின் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடமாம். கீழே ஒரு அறையில் சுவர் முழுக்க மாடம் மாடமாக இருந்தது. இறந்த துறவிகளை அதில் உட்கார வைத்துக் காயவிடுவார்களாம். உட்காரும் இடத்தில் ஓட்டை. அது எதற்கு என்று புரிந்ததும் விறுவிறுவென்று படியேறி வெளியே வந்துவிட்டேன்.

சினிமா மியூசியத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். தோமாஸ் மல்யோல் ஆயுசு முழுக்கச் சேர்த்த, சினிமாவுக்கு முன்னால் சுவரில் படம் காட்டிய மாய விளக்குகள் என்று நீ அவ்வளவு ஆசையாகச் சொன்னாய். மன்னித்துக்கொள். கதீட்ரல்தான் பக்கம், அதை முதலில் முடித்துவிடலாம் என்று போனேன். அதோடு சரி.

வாசலில் தொண்ணூறு படி. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உள்ளே போனால் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஏறத்தாழ 23 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவுக் கூரை. கோதிக் என்ற பழைய ஐரோப்பிய பாணிக் கட்டடங்களில் இவ்வளவு அகலமான கூடம் உலகத்தில் வேறில்லையாம். இது நிற்குமா என்று அவர்களுக்கே பயம் இருந்திருக்கிறது. 1416இல் பன்னிரண்டு மேஸ்திரிகளைக் கூப்பிட்டு வைத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். கோயில் என்பதால் போனை சைலன்டில் போட்டேன். என் தப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பம்.

கருவூலத்தில் ஒரு இருட்டு அறை. அங்கே தொங்குகிறது அந்தத் துணி. படைப்பின் திரைச்சீலை என்று பெயர். சுமார் மூன்றரை மீட்டர் உயரம், நாலரை மீட்டருக்கு மேல் அகலம். வயது தொள்ளாயிரத்துக்கு மேல். நெய்த துணி என்று நினைத்துத்தான் கிட்டப் போனேன். தறிக்காரர் மகள் நான், எனக்குத் தெரியாதா? நெசவு இல்லை கண்ணு, எம்பிராய்டரி! கம்பளித் துணியில் ஊசி நூலால் தைத்தது. நடுவில் தாடியில்லாத இளவயது ஏசு. சுற்றிலும் வட்டத்தில் ஒளி, இருள், பறவை, மீன், மிருகங்களுக்குப் பெயர் வைக்கும் ஆதாம். அவன் விலாவிலிருந்து ஏவாள் எழுந்து வருகிறாள். நாலு மூலையிலும் நாலு காற்று. ஒவ்வொன்றும் இறக்கை முளைத்த ஒரு பையன், காற்று நிரப்பின தோல் பையின் மேல் குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்து கொம்பு ஊதுகிறான். அடிப்பகுதியில் கொஞ்சம் அழிந்துபோயிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவள் இதை அஞ்சு நிமிஷத்தில் எப்படிப் பார்ப்பாள்? பறவையின் கழுத்தில் நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். வளைவு வரும் இடத்தில் தையல் குட்டையாகிறதா என்று பார்த்தேன். நான் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொன்ன அதே விஷயம். ஒரு ஆள் வேலையாகவும் இருக்காது. பத்து விரலுக்கு மேல் அந்தத் துணியில் ஓடியிருக்கும். தைத்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

அதே கருவூலத்தில் 975இல் எழுதி முடித்த ஒரு ஓவியச் சுவடி. வரைந்தவர்கள் இரண்டு பேர். எமெத்தேரியுஸ் என்ற துறவி ஒருவர், இன்னொருவர் பெண். அவள் பெயரைத்தான் முதலில் போட்டு, ஓவியக்காரி, கடவுளுக்குத் துணை என்று எழுதியிருக்கிறார்கள். எந்தே என்று சிலர் படிக்கிறார்கள். பேர் வெறும் 'என்' தான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடித்தது. தமிழில் படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது பார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து துணி முன்னால் நின்றேன். அப்போதும் போன் பைக்குள்தான் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெளியே இறங்கி சான்ட் ஃபெலியு கோயில் பக்கம் வந்தபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். அங்கே கம்பத்தில் ஒரு கல் சிங்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பின்புறத்தில் முத்தம் கொடுத்தால் ஜிரோனாவுக்குத் திரும்ப வருவோமாம். ஏறிக் கொடுக்கச் சின்னதாக ஒரு ஏணிப்படிகூட இருக்கிறது. ஊரே வாய் வைத்த இடம், எனக்கு மனசு வரவில்லை. கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது செல்லுமோ செல்லாதோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து அங்குல வளையத்தில் துணி மாட்டி, அந்தக் காற்றுப் பையன்களில் ஒருவனைத் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். கடையில் வாங்கிய அஞ்சல் அட்டையைப் பார்த்துத்தான் தைக்கிறேன். அதில் இடது கீழ் மூலை வெட்டுப்பட்டிருக்கிறது, நான் தைப்பது அந்த மூலைக்காரனைத்தான். அவன் இறக்கை எந்த நிறத்தில் முடிகிறது, கொம்பை ஒரு கையில் பிடித்திருக்கிறானா, இரண்டு கையிலா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு சனிக்கிழமை நீ போய்ப் பார்த்துச் சொல். அவசரமில்லை, நின்று பார். உள்ளே போகும்போது போனை சைலன்டில் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா