பின் டயர் சூடாகட்டும்

அம்மிணிக்கு,

உன் ரேஸ் வண்டியின் சக்கரக் கோணங்களை அளந்து நீ அனுப்பிய அலைன்மென்ட் ஷீட் வந்தது. ஷீட் மட்டும்தான் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். முன் கேம்பர், அதாவது சக்கரம் மேலே உள்பக்கம் சாயும் கோணம், இரண்டு பக்கமும் மைனஸ் 3.2 டிகிரி. டோ, அதாவது சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு, பூஜ்யம். போலோவின் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேம்பர் பிளேட் போட்டு, இடமும் வலமும் இப்படி ஒரே கணக்கில் நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஒர்க்‌ஷாப்பில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பின்பக்கம்தான் எனக்கு ஒப்பவில்லை. டோ இடது 2.5 மில்லி வெளியே, வலது அரை மில்லி வெளியே. வேண்டுமென்று வைத்தால் இரண்டும் சமமாக அல்லவா இருக்கும்? நம் பார்ட்ஸ் கணக்கில் இடது பின் ஸ்டப் ஆக்ஸில், சக்கரம் சுழலும் அந்தக் குட்டி அச்சு, ஒன்று வாங்கியிருக்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே.

ஸ்டப் ஆக்ஸில் புதிதாகப் போட்ட பிறகும் இப்படிக் காட்டினால், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் பீம் வளைந்திருக்கிறது. இடையில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அதை மறைக்காதே. வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நூல் கட்டி, பின் ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூல்வரை அளந்து பார். மெஷினும் நூலும் ஒரே கதையைச் சொன்னால் பீமை மாற்று. பணம் நான் தருகிறேன். வாஷர் அடுக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நான்கு போல்ட்டில் இரண்டுக்கு மட்டும் வாஷர் வைத்தால் ஸ்டப் ஆக்ஸில் முழுதாகப் பதியாது, போல்ட் தளரும்.

இந்தப் பின் பீம் வெறும் டார்ஷன் பீம், மலிவான அமைப்பு என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2019இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 20.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 40.1 செகண்டில் ஓடிய ரெனோ மெகான் டிராஃபி-ஆரில், பின் சக்கரம் திரும்பும் அமைப்பையே கழற்றிவிட்டு இதே வகை பீமைத்தான் போட்டார்கள்.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக்கின் இறுக்கமான வளைவுகளில் பின் டோ கொஞ்சம் வெளியே இருந்தால் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அது ஆகாது. மெயின் ஸ்ட்ரெய்ட்டில் முழு வேகத்தில் வந்து முதல் வளைவான சி-1இல் வலது பக்கம் திரும்பும்போது பின்பாரம் இடது பின் சக்கரத்தில்தான் விழும். அந்தச் சக்கரமே வெளியே பார்த்தபடி நின்றால் பின்பக்கத்தை அதுவே வெளியே இழுத்துப் போகும். அங்கே பூஜ்யம் வை, இல்லாவிட்டால் பக்கத்துக்கு அரை மில்லி உள்ளே. இதில் கால் செகண்ட் போனாலும் போகட்டும்.

இன்னொன்று டயர் சூடு. முன் சக்கரம் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கைத் தாங்குகிறது. வண்டி எடையில் 60 சதவீதத்துக்கு மேல் அதன் தலையில்தான். ஒரு ரவுண்டில் முன் டயர் தயாராகிவிடும், பின் டயர் பச்சையாகவே இருக்கும். முன்பக்கம் நன்றாகக் கடிப்பதைப் பார்த்து அடுத்த ரவுண்டையே அடிக்கத் தோன்றும். அடிக்காதே, இரண்டு ரவுண்டு சூடேற்று. பின் ஸ்பிரிங்கையும், வண்டி சாய்வதைத் தடுக்கும் பின் ஆன்ட்டி-ரோல் பாரையும் விறைப்பாக்கி, முன்பக்கம் திரும்பாமல் வெளியே போகும் அண்டர்ஸ்டியரைக் குறைத்தாய், அது சரியான முடிவு. ஆனால் அந்த விறைப்பு குளிர்ந்த டயரை மன்னிக்காது. முதல் செஷனுக்கு பாரை ஒரு துளை மென்மையாக வை. காத்து முன்னால் 27 பிஎஸ்ஐ, பின்னால் 28இல் ஆரம்பித்து, பிட்டுக்கு வந்த உடனே அள. முன்னால் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்க, பின்னால் ஒன்றுகூட ஏறவில்லை என்றால் பின் டயர் இன்னும் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

வளைவு நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காதே. எடுத்தால் பாரம் முன்னால் சரிந்து பின்பக்கம் லேசாகிவிடும். மீறிப் பின்பக்கம் நழுவினால் பிரேக்கைத் தொடாதே. நழுவும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி ஆக்ஸிலேட்டரைக் கொடு, முன் சக்கரம் வண்டியை நிமிர்த்தி இழுத்துவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்த பிள்ளைதான் நீ. ஆனாலும் மறுபடி சொல்கிறேன், காலை எடுக்காதே.

பிரேக் ஆயிலை ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் மாற்று. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிய பிறகு அதன் அளவு 155தான். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார். டர்போ வண்டி, சென்னை வெயில்: ஒரு ரவுண்டு அடித்தால் அடுத்ததை ஆறவிட்டு ஓட்டு. என்ஜினுக்குள் போகும் காற்று சூடானால் அதன் கம்ப்யூட்டரான ஈசியூ பொறி விழும் டைமிங்கைக் குறைத்துவிடும், எவ்வளவு மிதித்தாலும் நேரம் வராது.

கண்ணு, உன் அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது. ஓட்டாதே என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். உன் பெரியப்பா விஷயத்துக்குப் பிறகு உன் அம்மா டிவியில்கூட ரேஸ் பார்ப்பதில்லை, உனக்கே தெரியும். நீ பேசாமல் இருந்தால் அவள் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்ன சொல்வேன்? அவளுக்கு இன்றைக்கே போன் போடு. வண்டிப் பேச்சு வேண்டாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசு.

பின் பீமை நூல் கட்டி அளந்ததும் நான்கு அளவையும் எனக்கு அனுப்பு. அதுவரை வண்டியை டிராக்கில் இறக்காதே.

அப்பா