மிச்சம் 49 கவர்

செல்லூர், மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பார்சலைப் பிரித்ததும், பழைய கேரி பேக் கவர்களை வெட்டி உன் அம்மா பின்னின பையைத்தான் முதலில் எடுத்திருப்பாய். தோளில் மாட்டிக் கண்ணாடியும் பார்த்திருப்பாய். பார்த்தாகிவிட்டது என்றால் உட்கார்ந்து இதைப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ “சரிப்பா, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் உன் அம்மா பாதியில் போனைப் பிடுங்கிவிடுவாள். இது கணக்கோடு சொல்ல வேண்டிய சங்கதி.

உன் ஆபீசில் 20 பேர் இதே மாதிரிப் பை கேட்கிறார்கள், ஒன்றுக்கு 600 ரூபாய் தருவார்கள் என்று போன வாரம் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி உன் அம்மா தூங்கவில்லை. 12,000 ரூபாயில் கிரைண்டர் மாற்றுவதில் ஆரம்பித்து, விடிவதற்குள் உன் தம்பி வண்டிக்கு டயர் மாற்றுவது வரைக்கும் வந்துவிட்டாள். நான் எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையை இழுத்து, மிச்சம் எத்தனை கவர் இருக்கிறது என்று எண்ணினேன். 49 இருந்தது. ஒரு பைக்கு 55 ஆகிறது.

அந்த மூட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது கால் இடறி, “இதையெல்லாம் எதுக்குப்பா சேத்து வச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க” என்று கத்தினாயே, அதேதான். துணிக்கடைக் கவர், மருந்துக்கடைக் கவர், பழக்கடைக் கவர், அந்தக் கவர்களைப் போட்டு வைக்க ஒரு பெரிய கவர். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் கேரி பேக்கைத் தடை செய்தார்களே, அதற்கு முன்னால் வந்ததுதான் பாதிக்கு மேல். தடைக்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் ஒளிந்து ஒளிந்து. நீ ஊருக்குப் போன மறுநாள் எண்ணினோம். மொத்தம் 412. தூக்கிப் போடுவது என்றால் எங்கே போடுவது? நம் வீட்டுப் பக்கம் போகிற பந்தல்குடி வாய்க்காலைப் பார்த்தவன் கேட்கிற கேள்வி அது. 2024 அக்டோபரில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தண்ணீரோடு சேர்ந்து என்னென்ன மிதந்து வந்தது என்று உனக்கே போட்டோ அனுப்பினேன்.

எதிர் வீட்டு அத்தைதான் முதலில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் பெண்கள் கேரி பேக்கை நாடா நாடாக வெட்டி, கோத்து, குரோஷா ஊசியால் பின்னுகிறார்கள். அதற்குப் பிளார்ன் என்று பெயராம், பிளாஸ்டிக்கையும் நூலுக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்தது. ரோட்டோரம் படுப்பவர்களுக்கு அதிலேயே பாய் பின்னிக் கொடுக்கிறார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு பாய் என்றால் 500 முதல் 700 கவர் போகுமாம். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள். “இது நம்ம டிவி கவர் பின்னினதுதானே, நூல்தான் வேற” என்றாள்.

அவள் கை உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வெள்ளை நூலில் வாத்து போட்டு டிவிக்கு ஒரு விரிப்பு பின்னினாள். நீ ஆறாம் வகுப்பு வரைக்கும் சாப்பாடு கொண்டுபோன சிவன் கண் ஒயர் கூடையும் அவள் போட்டதுதான். நெல்லிக்காய் முடிச்சில் ஒரு கூடை போட்டு முடிப்பதற்குள் விரல் நுனி தோல் உரிந்துவிடும், அதையும் விடமாட்டாள். ஆனால் ஒயர் கூடையில் முடிச்சு, இதில் முடிச்சே கிடையாது, எல்லாம் கண்ணிக்குள் கண்ணி. ஒரு நுனியை இழுத்தால் கடைசி வரைக்கும் உருவிக்கொண்டு வந்துவிடும். தப்பு போட்டால் பிரித்துத் திரும்பப் போடலாம் என்று அவளுக்கு அதிலே ஒரு சந்தோஷம்.

வெட்டுவது என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தூணோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தவன், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதிலிருந்து கைக்கு வேலை இல்லாமல் இருந்தேன் என்பது உண்மை. உன் அம்மா முதல் நாள் என் துணிக் கத்தரியை எடுத்துக் கவரை வெட்டப் போனாள். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். துணிக் கத்தரியில் தாள்கூட வெட்டக்கூடாது. அப்புறம் கவர் வெட்டுவதற்கென்று தனியாக ஒன்று வாங்கினோம்.

முறையைச் சொல்கிறேன், நீயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார். கவரைக் கழுவி நிழலில் காயவைத்து, தரையில் போட்டு உள்ளங்கையால் நீவி விட வேண்டும். பக்கவாட்டு மடிப்பெல்லாம் நேராக இருக்கட்டும். நீளவாக்கில் நாலாக மடித்து, மேலே கைப்பிடியையும் கீழே ஒட்டின விளிம்பையும் வெட்டி எடுத்துவிடு. மிச்சத்தைக் குறுக்கே ஒன்றரை இஞ்சுக்கு ஒரு வெட்டு. பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு வளையம். ஒரு வளையத்தின் நுனியை இன்னொரு வளையத்துக்குள் விட்டு, அதே நுனியைத் தன் வளையத்தின் மறுமுனை வழியே இழுத்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். நீ சின்ன வயதில் ரப்பர் பேண்டைக் கோத்துக் கயிறாக்கிக் குதிப்பாயே, அதே கோப்புதான். மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கவர் மெலிந்து அந்த இடத்திலேயே அறுந்துபோகும். கோத்ததைப் பந்தாகச் சுற்றிக்கொண்டால் அப்புறம் அம்மா ராஜ்ஜியம்.

ஊசிக்குத்தான் அலைந்தேன். லேஸ் பின்னுகிற எஃகு ஊசி இதற்கு ஆகாது. கொக்கி சின்னது, கவர் கிழியும். வேப்பங்குச்சியைச் செதுக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒன்று செய்து கொடுத்தேன், அது பத்து நிமிஷத்தில் சிலும்பிக்கொண்டது. கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் 8 மில்லிமீட்டரில் அலுமினிய ஊசி கிடைத்தது. கவர் ஊசியில் வழுக்காமல் ஒட்டும், அதுவும் வெயில் காலத்தில் கை வியர்த்தால் கேட்கவே வேண்டாம். அம்மா விரலில் கொஞ்சம் முகப்பவுடர் போட்டுக்கொள்கிறாள்.

கவரிலும் ஜாதி இருக்கிறது. கசக்கினால் சரசரவென்று சத்தம் போடுகிறது ஒன்று. மெல்லிசாக இருந்தாலும் இழுவைக்கு நிற்கும். சத்தமே இல்லாமல் வழவழவென்று இருப்பது இன்னொன்று. அது இளகும், நீளும். பால் கவர் இந்த ரகம்தான், ஆனால் கனம். மூன்று தடவை சோப்புப் போட்டு அலசாவிட்டால் புளித்த வாடை போகாது. பையின் அடிப்பாகத்துக்கு அதுதான் சரி. பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிப் பாலை ஊற்று. அந்தச் சின்ன முக்கோணத் துண்டை எவனும் பொறுக்க மாட்டான், சாக்கடைக்குத்தான் போகும்.

துணிப்பை மாதிரி ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் தருகிறார்களே, அது துணி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார், பாவும் கிடையாது ஊடும் கிடையாது. பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் அமுக்கி ஒட்டினது. அதைத் துணிப்பை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எல்லாம் நன்றாக வந்தது என்று நினைக்காதே. மூட்டையில் 38 கவர் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. மக்கும் என்று அச்சடித்த கவரில் ஒன்றிரண்டை நான் பார்க்காமல் முதல் பையில் சேர்த்துவிட்டேன், ஆறு மாதத்தில் தோள்பட்டையில் செதில் செதிலாகக் கொட்டியது. அப்புறம் அந்தப் பையிலேயே அம்மா மாட்டுத்தாவணிக்குப் போய் மூன்று கிலோ சின்ன வெங்காயம் வாங்கினாள். வரும்போது பட்டை நீண்டு நீண்டு பை முழங்காலில் இடித்ததாம். பஸ்ஸில் ஒரு பையன் சிரித்தான் என்று வந்து என்னிடம் சண்டை. உன் பையின் பட்டையைத் திருப்பிப் பார், உள்பக்கம் என் பழைய வேட்டிக் கரையை வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். இனி ஐந்து கிலோ போட்டாலும் நீளாது. ஒன்றை மட்டும் கவனி. வெயிலில் தொங்கவிடாதே, பிளாஸ்டிக் நொறுங்கும்.

அடுத்தது குக்கர் கதை. வட்டமாக ஒன்று பின்னி, அழகாக இருக்கிறதே என்று அதன் மேல் சூடாகக் குக்கரை இறக்கி வைத்தாள். பால் கவரெல்லாம் 110 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். குக்கரின் அடியில் நீலமும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டது, சுரண்டுவதற்கு எனக்கு இரண்டு நாள். அந்த உருகுகிற குணத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டவர் நம் ஊரில்தான் இருந்தார் என்று உன் தம்பி சொன்னான். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வாசுதேவன், சூடாக்கின ஜல்லியின் மேல் கவர்த் துண்டுகளைப் போட்டால் உருகி மேலே ஒரு பூச்சாகப் படியும், அதன் மேல் தார் கலந்தால் ரோடு கெட்டியாக நிற்கும் என்று செய்து காட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்கள் வெட்டி ஒதுக்குகிற கைப்பிடி, விளிம்பு, உதிர்ந்த கவர் எல்லாவற்றையும் தனியாகக் கட்டிக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன். ரோட்டுக்குப் போனால் நல்லது.

சரி, கணக்குக்கு வருகிறேன். 412-ல் உதிர்ந்தது 38. உன்னுடையதையும் சேர்த்து மூன்று பைக்கு 165. மிதியடி இரண்டுக்கு 120. பூக்கூடை, தண்ணீர் பாட்டில் உறை, பாத்திரம் தேய்க்கிற உருண்டை என்று சில்லறைக்கு 40. மிச்சம் 49. இருபது பைக்கு 1,100 கவர் வேண்டும்.

எதிர் வீட்டு அத்தை சுலபமாக ஒரு வழி சொன்னார். மொத்தக் கடையில் புதுக் கவர் கட்டாக வாங்கிக்கொள்ளலாம், ஒரே நிறமாகவும் இருக்கும், கழுவுகிற வேலையும் இல்லை என்று. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னேன். கட் பீஸ் மிஞ்சினால் தலையணை உறை தைப்போம், தலையணை உறைக்காக நல்ல மல்லுத் துணியை யாராவது கட் பீஸாக வெட்டுவார்களா? மூட்டை தீர வேண்டும் என்றுதானே ஊசி வாங்கினோம். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு 12,000 ரூபாய் போனதைவிட, 20 பேர் கேட்டும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். அதுவும் நியாயம்தான். டிவி விரிப்பை யாரும் விலை கேட்டதில்லை. நீ போன் செய்யும்போது ஆர்டர் கதையை விட்டுவிட்டு, ஆபீசில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று நிதானமாக அவளிடம் சொல்.

அந்த 20 பேருக்கும் நான் பை தைத்துத் தருகிறேன். பழைய கட் பீஸ் இரண்டு மூட்டை இருக்கிறது, சுங்குடித் துண்டும் இருக்கிறது. முன்னாளில் கல்யாண வீட்டுக்கு மஞ்சப்பை தைத்தவன், ஒரு பைக்குக் கால் மணி நேரம் போதும். உன் அம்மாவுக்கு ஒன்று பின்ன பத்து நாள் ஆகிறது. 600 எல்லாம் வேண்டாம், 100 ரூபாய் கொடுக்கச் சொல். கிரைண்டருக்கு மிச்சத்தை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த 49-ஐ வைத்து அம்மா பின்கட்டுக் குளியலறைக்கு ஒரு மிதியடி ஆரம்பித்திருக்கிறாள். டைல்ஸில் வழுக்கும், அடியில் பழைய சாக்கைத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓரத்துக்கு இரண்டு வரிசை நீலம் குறைகிறதாம். இந்தப் பார்சலைச் சுற்றியிருப்பது நீலக் கவர்தான். டேப்பை மெதுவாகப் பிரித்து, கிழிக்காமல் மடித்து வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. வேறு புதுக் கவர் எதையும் சேர்த்துக்கொண்டு வராதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா