ஒரு மீட்டர் சதுரம்

கோத்தகிரி

கயல் கண்ணுக்கு,

நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஹெச்.எம். சம்மதித்தது நல்ல சேதி. ஆனால் நீ எழுதியிருந்த சோலை நடை இப்போதைக்கு வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், இருபத்தைந்து பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் மரத்தைத் தவிர மற்றதெல்லாம் ஓடிப்போகும். பூம்பாறைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கயிறு கட்டிய ஒரு மீட்டர் சதுரம் போதும், அதற்குள் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். வாராவாரம் அதே இடம், அதே கிழமை.

ஒரு சதுரத்துக்கு நாலரை மீட்டர் கயிறு, நாலு முளைக்குச்சி. நைலான் கயிறாக வாங்கு, தேங்காய்நார் மழையில் இற்றுப்போகும். மீட்டருக்கொரு முடிச்சு. ஐந்து பேருக்கு ஒரு சதுரம் கொடு, ஆனால் ஐந்தையும் புல்லிலேயே போட்டுவிடாதே. வெயில் படாத சுவரடி, தண்ணீர்க் குழாயோரம், சீகை மரத்தடி, வேலியோரம், திறந்த புல் என்று பிரித்துப் போடு. பிள்ளைகள் இரண்டு பக்கம் மட்டும் உட்காரட்டும். நாலு பக்கமும் மிதித்தால் ஒரு மாதத்தில் சேறுதான் மிஞ்சும். குடியரசு தினத்துக்கு முன்னால் மைதானத்தைச் செதுக்க ஆள் வருவார்கள், இப்போதே சொல்லிவை.

காலை பத்து மணிக்குள் இருபது நிமிஷம். மதியம் மேகம் இறங்கிவிட்டால் தாளெல்லாம் ஈரம். பேனா வேண்டாம், மை ஊறும். பென்சிலை நோட்டோடு நூலில் கட்டிவிடு.

லென்ஸ் வாங்கினால் பத்து மடங்கு போதும். கையை நீட்டிப் பிடித்துவிட்டு மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், பொருள்தான் அதன் பக்கம் வர வேண்டும், இரண்டரை சென்டிமீட்டர் வரை. முதல் நாள் சுவரில் படிந்திருக்கும் கல்பாசியைக் காட்டு. அது ஓடாது, வீட்டுக் குழம்பில் பார்த்ததும்கூட.

கல்லைப் புரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. தூர இருக்கிற விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் பூரானோ தேளோ எதிர்ப்பக்கம் ஓடும், கல் நமக்கு மறைப்பு. பார்த்ததும் பழையபடியே மூடச் சொல், அது ஒரு வீட்டுக்கூரை. பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடாதே. கால் எத்தனை என்று திருப்பிக் கேள். ஆறா, எட்டா, அதற்கும் மேலா? உடலின் ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால் என்றால் பூரான், பெரும்பாலும் இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. எண்ணிக் கண்டுபிடித்த பிள்ளை மறக்காது.

மூன்றாவது வாரம் "ஒண்ணுமே புதுசா இல்ல டீச்சர்" என்பார்கள். போன வாரம் இருந்து இந்த வாரம் காணாமல் போனது என்ன என்று கேள்.

அட்டை ஏறினால் பிய்த்து இழுக்கக் கூடாது. வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். காளானை யாரும் வாயில் வைக்கக் கூடாது. வேலியோரம் காட்டெருமை நின்றால் அன்றைக்கு வகுப்பு உள்ளேதான், தனியாக நிற்கும் காளை என்றால் ஜன்னலோரக் கூச்சலும் வேண்டாம்.

மாதம் ஒரு தாள் எழுதி பஸ் ஸ்டாப் கடையில் ஒட்டு. ஒவ்வொரு குழுவும் கண்டது ஒன்று, புரியாதது ஒன்று எழுதட்டும். ஊர்ப் பெரியவர்கள் பதில் சொல்ல வருவது அந்தப் புரியாததற்குத்தான். கூடு இருக்கும் இடம், ஆர்க்கிட் பூத்த மரம் இரண்டையும் மட்டும் குறிக்காதே.

இன்னொரு பிரதி எங்கள் பள்ளிக்கு அனுப்பு. படப் புத்தகம் பார்த்து உன் பிள்ளைகள் 'நீலகிரி சிரிப்பான்' என்று எழுதுவார்கள். அந்தப் பறவை பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, இங்கே நீலகிரிப் பக்கம்தான். கணவாய்க்குத் தெற்கே, உங்கள் பழனி மலைப் பக்கம் இருப்பது பழனி சிரிப்பான். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம். இங்குள்ளதற்கு நெஞ்சிலிருந்தே செம்பழுப்பு, அங்குள்ளதற்கு நெஞ்சு கோடு விழுந்த சாம்பல், வயிறுதான் செம்பழுப்பு. நீயாகச் சொல்லாதே. இரு பள்ளியும் தங்கள் பறவையை வரைந்து மாற்றிக்கொண்டால் சண்டையே வரும், வரட்டும்.

2015 முதல் நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிஷம் எண்ணி, பட்டியலை நீ இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பிள்ளைகள் பெயரோ முகமோ அதில் வேண்டாம்.

முதல் தாளை அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அனுப்பு. தாமதித்தால் இங்கே பதில் எழுதப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா